கருணைக்கு எத்தனை புள்ளி?

மலேசியாவில் 90:10 என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது மெட்ரிகுலேஷன்தான். நூறு இடங்களில் தொண்ணூறு பூமிபுத்ராக்களுக்கு, மீதி பத்து மற்ற எல்லாருக்கும். அதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷனில் இடம் தரப்படும் என்று 2024இல் பிரதமர் அறிவித்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஓயவும் கூடாது.

ஆனால் இந்த நாட்டில் இன்னொரு 90:10 இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. நான் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். புறப்பாட நடவடிக்கைப் பதிவேடும் சில ஆண்டுகளாக என் மேசையில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பத்து எப்படி உருவாகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் வந்து உட்காரும் நாற்காலியும் என் மேசைக்கு எதிரில்தான் இருக்கிறது.

நோயாளியைத் தொட்டுப் பார்க்கப்போகிற ஒருவரை, அவர் பதினெட்டு வயதில் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தார் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பது சரியா? பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். புத்தகப் புழு டாக்டராகக் கூடாது, மனுஷத் தன்மை வேண்டும் என்பார்கள். அதில் பாதியோடு எனக்கும் உடன்பாடுதான். மறுபாதியைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எஸ்.டி.பி.எம். மாணவரின் தரப்புள்ளிச் சராசரி 4.00 என்றால் அவருக்கு முழுதாக 90. நான்கு பாடங்களில் மூன்றில் ஏ, ஒன்றில் மட்டும் ஏ மைனஸ் என்றால் சராசரி 3.92. அதைத் தொண்ணூறுக்கு மாற்றினால் 88.2. ஒரே ஒரு ஏ மைனஸுக்கு இழப்பு 1.8 புள்ளி. இப்போது 4.00 எடுத்தவருக்குப் புறப்பாடத்தில் 7.5 என்றும், 3.92 எடுத்தவருக்கு 9.8 என்றும் வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு மொத்தம் 97.5. இரண்டாமவருக்கு 98.0. நான்கு பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளை பின்னுக்குப் போய்விடுகிறது.

இது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி நடக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பத்தின் நோக்கமே. நான் சொல்ல வருவது வேறு. மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் கூட்டத்தில் 4.00 எடுத்தவர்கள் ஏராளம். எல்லாரும் தொண்ணூறை வாங்கிவிட்ட இடத்தில் தொண்ணூறுக்கு எடையே இல்லை. தராசின் இரு தட்டிலும் ஒரே படிக்கல்லை வைத்தது போல அது சமமாகிவிடும். மிச்சமிருக்கும் பத்துதான் முள்ளை அசைக்கும். காகிதத்தில் பத்து விழுக்காடு என்று எழுதியிருந்தாலும், போட்டியின் உச்சியில் அது நூறு விழுக்காடாகச் செயல்படுகிறது. மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டுதான். அந்த அறையின் வாசலுக்குப் போகவே இந்தக் கூட்டல் தேவைப்படுகிறது.

அந்தப் பத்து எதனால் ஆனது? சீருடை இயக்கம், கழகம் அல்லது மன்றம், விளையாட்டு என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் வருகைக்குப் புள்ளி, வகித்த பதவிக்குப் புள்ளி, பங்கேற்ற நிலைக்குப் புள்ளி, வென்ற நிலைக்குப் புள்ளி. பள்ளியைவிட மாவட்டம் பெரிது, மாவட்டத்தைவிட மாநிலம், அதைவிட தேசிய நிலை, எல்லாவற்றுக்கும் மேலே அனைத்துலகம்.

"சார், இந்தப் போட்டிக்குப் போனா எத்தன பாய்ண்ட் கெடைக்கும்? மாவட்டந்தானா? மாநில அளவுல ஏதும் இல்லீங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். மகள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அந்த அம்மாவை நான் குறைத்து மதிக்கவில்லை. விதி புள்ளியில் பேசினால் மக்களும் புள்ளியில்தான் பேசுவார்கள். அவர் தன் பிள்ளைக்கு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்கிறார். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேச்சுப் போட்டி பிடிக்குமா, மேடையில் ஏறி நிற்கும்போது அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எங்கள் உரையாடலில் வரவே இல்லை. வருவதற்கு அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

புறப்பாட நடவடிக்கைக்கு மருத்துவச் சேர்க்கையில் மதிப்புத் தர வேண்டும் என்பவர்கள் பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் வேறு வேறு.

முதல் காரணம், உழைப்புக்கு வெகுமதி. வெயிலில் அணிவகுத்தான், சனிக்கிழமை தூங்காமல் பயிற்சிக்கு வந்தான், அதற்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் மருத்துவ இடம் வெகுமதி அல்ல. நன்றாக ஓடியவனுக்குக் கோப்பை கொடுக்கலாம், ஏனென்றால் அந்தக் கோப்பையால் வேறு யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை. மருத்துவக் கல்லூரியின் இடம் அப்படியல்ல. அதன் உண்மையான பயனாளி அதில் உட்காரும் மாணவர் அல்ல. பத்து வருடம் கழித்து அவர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரப்போகும் நோயாளி. யாருக்கு இடம் கொடுப்பது என்ற கேள்வியை அந்த நோயாளியின் பக்கத்திலிருந்துதான் கேட்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மாநில அளவில் பூப்பந்து ஆடியதற்கு ஒரு பொருளும் இல்லை. அது அவன் பெருமை. என் இருதயத்துக்கு அதனால் என்ன?

இரண்டாவது காரணம் இதைவிட வலுவானது. புறப்பாட நடவடிக்கை ஒரு சாட்சி. தலைமை தாங்கினான், குழுவோடு ஒத்துழைத்தான், சேவை செய்தான். தேர்வுத் தாள் காட்டாத குணத்தை இது காட்டுகிறது என்கிறார்கள். நோயாளிக்குக் குணம் முக்கியம் என்பதால் இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது.

ஆனால் சாட்சி என்றால் எதற்குச் சாட்சி என்று கேட்க வேண்டும் இல்லையா? என்னிடம் படித்த ஒரு பெண் செம்பனைத் தோட்டத்திலிருந்து வருவாள். புதன்கிழமை மதியம் புறப்பாட நடவடிக்கை. அது முடிந்தால் அவளுக்குப் பேருந்து கிடையாது. அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. வீட்டில் பாட்டிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் பாட்டியை வேனில் ஏற்றி, உள்ளே படுக்க வைத்து, நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடும் கிழவியைத் திரும்பக் கூட்டி வருவது இவள்தான். தாதி மலாய் மொழியில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வாள். பாட்டி சொல்லாமல் மறைப்பதைத் தாதியிடம் சொல்லிவிடுவாள். "பாட்டி தண்ணி நெறய குடிச்சிட்டு இல்லன்னு சொல்லும் சார். அது கால பாத்தாலே தெரியும்" என்று ஒருநாள் சொன்னாள்.

வீங்கிய காலைப் பார்த்து நோயாளி சொல்லாததைக் கண்டுபிடிக்கும் பதினெட்டு வயதுப் பெண். அவள் பெயருக்கு நேரே வருகைக் கட்டங்களில் பாதி காலி. பதவி இல்லை. மாவட்டம் இல்லை, மாநிலம் இல்லை. அதே பதிவேட்டில் வேறொரு மாணவனுக்கு எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. நல்ல பையன்தான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டணத்தில் வீடு, இரண்டு கார், பயிற்சியாளருக்குக் கட்டணம் கொடுக்க முடிந்த பெற்றோர். அவனுடைய கட்டங்கள் அவன் குணத்துக்கு எவ்வளவு சாட்சியோ, அதே அளவு அந்த இரண்டாவது காருக்கும் சாட்சி. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் படிவத்தால் முடியாது.

குணம் பார்த்துச் சேர்க்கிறோம் என்ற பேச்சுக்கு உலகத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1920களின் தொடக்கத்தில் புதிய மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். அவர்கள் தேர்வில் நன்றாக எழுதினார்கள், உள்ளே வந்தார்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல் அவர்களுக்கு வெளிப்படையாக ஓர் உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு வந்ததும் அது நடக்கவில்லை. சில ஆண்டுகளில் வேறு வழி கிடைத்தது. கல்வித் தகுதி மட்டும் போதாது. குணம், ஆளுமை, தலைமைப் பண்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்றார்கள். யூத மாணவர்களின் எண்ணிக்கை இறங்கியது. ஜெரோம் காரபெல் 2005இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. குணம் என்ற சொல் அழகானது. அதைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது கதவாகவும் இருக்கும், பூட்டாகவும் இருக்கும்.

மருத்துவத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பங்களை முதல் கட்டமாகச் சலிக்க ஒரு கணினி நிரல் எழுதினார்கள். 1982 வாக்கில் அது முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நிரல் அதுவரை மனிதத் தேர்வாளர்கள் எப்படி முடிவெடுத்தார்களோ அதை அப்படியே பின்பற்றியது. பெண்களுக்கும் ஐரோப்பியர் அல்லாத பெயர் கொண்டவர்களுக்கும் அது புள்ளியைக் குறைத்தது என்பது 1988இல் பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை இதனால் நேர்காணலுக்கே அழைக்கப்படாமல் போயிருக்கலாம் என்றார்கள். அந்த நிரல் புதிதாக ஒரு கெடுதலையும் கண்டுபிடிக்கவில்லை. கண்களில் இருந்ததை எண்ணாக மாற்றியது, அவ்வளவுதான். எண்ணாக மாறியதால்தான் பிடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் நம் நாட்டின் புள்ளி முறையை வெறுமனே கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. கட்டம் போட்டு எண்ணுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. என் மகனின் முகம் பிடிக்கவில்லை, பெயர் பிடிக்கவில்லை என்று யாரும் குறைக்க முடியாது. சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. எண்ணினால் உயிர் போகிறது. எண்ணாவிட்டால் யாரோ ஒருவரின் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். புறப்பாட நடவடிக்கை குணத்துக்குச் சாட்சி இல்லாவிட்டாலும், குணத்தை உண்டாக்கும். அரிஸ்டாட்டிலின் வாதம் இதுதான். வீடு கட்டிக் கட்டியே கொத்தனாகிறோம். நியாயமான செயலைச் செய்து செய்தே நியாயமானவராகிறோம். முதலில் எதற்காகச் செய்தாய் என்பது அவ்வளவு முக்கியமில்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்று நாமும் சொல்கிறோம். புள்ளிக்காகச் செம்பிறைச் சங்கத்தில் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். முதல் வருடம் பெயர் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். பள்ளி ஓட்டப் போட்டியில் ஒரு சிறுவன் மயங்கி விழுந்தபோது இவன்தான் பக்கத்தில் இருந்தான். சட்டையைத் தளர்த்தி, பக்கவாட்டில் படுக்க வைத்து, ஆசிரியர் வரும்வரை அந்தச் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு வாரமும் தவறவில்லை. புள்ளிக்காக நுழைந்தவன் வேறு எதற்காகவோ தங்கிவிட்டான்.

ஆய்வுகளும் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் துணை நிற்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் மருத்துவக் கல்லூரியில் ஒரு பகுதி மாணவர்களைப் பள்ளிக்கால நடவடிக்கைகளைப் பார்த்தும் பிறகு தேர்வு வைத்தும் எடுத்தார்கள். இன்னொரு பகுதியினர் குலுக்கல் முறையில் வந்தார்கள். முதல் வகையினரில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் குறைவு. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒன்றைத் தொடங்கினால் விடாமல் செய்கிறவர்கள் மருத்துவப் படிப்பையும் விடாமல் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அது நல்ல குணம். ஆனால் விடாமுயற்சியும் கருணையும் ஒன்றல்ல. நம் ஊரில் விடாமுயற்சி இல்லாத பிள்ளை 4.00 எடுத்துவிட முடியுமா என்ன? அதைத்தான் தொண்ணூறு ஏற்கெனவே அளந்துவிட்டதே.

சரி, நோயாளிக்கு உண்மையில் என்ன வேண்டும்? என் தாயார் ஓர் அரசு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். இரவில் நான் துணைக்கு இருப்பேன். பயிற்சி மருத்துவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் ஒருவர், சீனர், இருபத்தைந்து வயது இருக்கலாம். கட்டில் அருகே வந்தால் நின்றபடி பேச மாட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு நிமிடம்தான் இருப்பார், ஆனால் அந்த இரண்டு நிமிடமும் வேறெங்கும் பார்க்க மாட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வலி', 'சாப்பாடு', 'அம்மா' ஆகிய மூன்று சொல். அதை வைத்தே என் அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார். "அந்தப் புள்ள வந்திச்சா?" என்று அம்மா காலையில் கேட்பார். அவர் சாரணரா, பூப்பந்து ஆடினாரா, எந்தக் கழகத்தில் செயலாளர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை வைத்து அந்த நாற்காலியை நான் ஊகித்திருக்க முடியாது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்போ வீட்டு வேலையையும் கணக்குல சேத்துக்கலாமே. பாட்டியப் பாத்துக்கிட்டா புள்ளி குடுங்க" என்றார். நல்ல யோசனை போலத்தான் தெரிகிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். சம்பளத்துக்குச் செய்த வேலையையும் அதில் சேர்க்கலாம். நம் பதிவேட்டிலும் அப்படி ஒரு கட்டம் போட்டால் என்ன?

போட்டுப் பார்ப்போம். 'முதியோர் பராமரிப்பு: ஓராண்டு 5 புள்ளி, ஈராண்டு 8 புள்ளி.' மறுநாளே என் மேசைக்கு எதிரில் ஒருவர் வந்து உட்காருவார். "சார், எங்க ஆயா கிள்ளான்ல எங்க அண்ணன் வீட்ல இருக்கு. இங்க கூட்டியாந்துட்டா எவ்ளோ கெடைக்கும்?" சிரிப்பு வருகிறது, ஆனால் அது நடக்கும். ஓர் அளவீடு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பார்கள். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வந்த கருத்து இது. பணத்தைவிடப் பாசத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அந்தத் தோட்டத்துப் பெண் பாட்டியின் காலைப் பார்த்ததில் இருந்த மதிப்பே, அதை யாரும் பார்க்கவில்லை என்பதில்தான் பாதி இருந்தது. புள்ளி போட்டால் அந்தப் பாதி போய்விடும். புள்ளி போடாவிட்டால் அவள் பின்னுக்குத் தள்ளப்படுவாள்.

எண்ணுவதற்குப் பதிலாகப் பேசவிட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான பல சிறு நேர்காணல் முறை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. சிங்கப்பூரின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியும் அதைப் பயன்படுத்துகிறது. மாணவர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவார். ஒவ்வோர் அறையிலும் சில நிமிடம், வேறொரு தேர்வாளர், வேறொரு சூழல். ஒரே ஆளின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்காது. புள்ளிக் கட்டத்தைவிட இது மேல். ஆனால் இதற்கும் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது. எப்படி அனுதாபத்தோடு தலையாட்டுவது என்று காசு கொடுத்துப் படிக்கலாம். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளையின் தயக்கம் அங்கே உணர்ச்சியின்மையாகத் தெரியக்கூடும்.

என் முடிவு இதுதான். புறப்பாட நடவடிக்கையை அடியோடு நீக்க வேண்டாம். நீக்கினால் எங்கள் பள்ளித் திடல்கள் மறுநாளே காலியாகிவிடும். எல்லாரும் பிரத்தியேக வகுப்பில் இருப்பார்கள். ஆனால் அதை ஏணியாக வைக்காமல் வாசற்படியாக வைக்கலாம். ஒரு மாணவர் மற்றவர்களோடு சேர்ந்து ஏதோ ஒரு பொறுப்பைக் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து செய்திருக்கிறாரா? ஆம் அல்லது இல்லை. அது சாரணர் இயக்கமாக இருக்கலாம், இரவுச் சந்தையில் அப்பாவின் கடையாக இருக்கலாம், டயாலிசிஸ் மையத்தின் நாற்காலியாகவும் இருக்கலாம். வகுப்பாசிரியர் விசாரித்து ஒப்பமிட்டால் போதும். படியைத் தாண்டியவர்களுக்குள் உயரம் அளக்க வேண்டாம். கூடுதல் புள்ளி இல்லாத இடத்தில் ஆயாவைக் கிள்ளானிலிருந்து கடத்திவர யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

அப்படியானால் சமநிலையில் நிற்கிற நூற்றுக்கணக்கானவர்களில் யாரை எடுப்பது? அங்கேதான் என் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். குலுக்கல் போடுங்கள் என்கிறேன்.

இது பைத்தியக்கார யோசனை இல்லை. நெதர்லாந்தில் 1972 முதல் மருத்துவ இடங்களுக்குக் குலுக்கல் இருந்தது. மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும், ஆனால் யாருக்கும் உறுதி இல்லை. மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி மூன்று முறை குலுக்கலில் தோற்றது 1990களில் பெரிய விவாதமானது. அதன்பின் உச்ச மதிப்பெண்காரர்களுக்கு நேரடி இடம் என்று மாற்றினார்கள். 2017இல் குலுக்கலையே எடுத்துவிட்டு, முழுக்கத் தேர்வு முறைக்குப் போனார்கள். அந்த முறை புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகளையும் வசதி குறைந்தவர்களையும் பின்தள்ளுகிறது என்ற கவலை எழுந்தது. 2023இலிருந்து விரும்பும் கல்லூரிகள் மறுபடியும் குலுக்கலைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள். தகுதிபெற்றவர்களுக்குள் குலுக்கல் போடலாம் என்ற யோசனையை மைக்கேல் சாண்டலும் 2020இல் வந்த தன் புத்தகத்தில் ஹார்வர்ட் போன்ற இடங்களுக்காக முன்வைத்திருக்கிறார்.

"நம்ம புள்ளைங்க ராத்திரி பகலா கண்ணு முழிச்சிப் படிச்சது லாட்டரி சீட்டுக்கா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஏற்கெனவே ஏமாற்றப்பட்டதாக உணர்கிற சமூகம் நாம். கையில் இருக்கிற ஒரே ஆயுதம் உழைப்பு. அதையும் அதிர்ஷ்டத்திடம் கொடுத்துவிடச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

அவருக்கு நான் சொன்னது இரண்டு. ஒன்று, உழைப்பு வீணாவதில்லை. உழைத்தவர்கள் மட்டும்தான் அந்தக் குலுக்கலுக்கே வருகிறார்கள். இரண்டு, இப்போதும் குலுக்கல்தான் நடக்கிறது, பெயர்தான் வேறு. உன் பள்ளிக்கு நல்ல பயிற்சியாளர் மாற்றலாகி வந்தாரா, உன் வீட்டுப் பக்கம் ஐந்து மணிக்குப் பேருந்து உண்டா, உன் பாட்டிக்குச் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதெல்லாம் சீட்டு எடுப்பது இல்லாமல் வேறென்ன? கணக்குத் தெரியாத அந்தக் குலுக்கலின் முடிவைத்தான் 98.0, 97.5 என்று தசமப் புள்ளியோடு எழுதித் தகுதி என்று பெயர் வைக்கிறோம். மூடிய அறைகளை நம்பாத நாட்டில், எல்லார் கண் முன்னும் நடக்கிற குலுக்கல் யாருக்கும் தெரியாமல் நடக்கிற கூட்டலைவிட நம்பிக்கை தரும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். எங்கள் விவாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தோற்றவர்கள்தான். இடம் கிடைத்தவன் எந்த முறையில் கிடைத்தது என்று யோசிக்க மாட்டான். கிடைக்காதவள்தான் காலத்துக்கும் யோசிப்பாள். குலுக்கலில் தோற்ற பெண்ணிடம், "நீ தகுதியானவள், இடம் போதவில்லை" என்று சொல்ல முடியும். அது உண்மை. புள்ளியில் தோற்றவளிடம் நாம் சொல்வது, "உன்னைவிட அவன் அரைப்புள்ளி மேல்" என்பது. அதைவிட மோசம், அந்த அரைப்புள்ளி குணத்துக்கானது என்றும் சேர்த்துச் சொல்கிறோம். தேர்வில் குறைந்தால் நான் சரியாகப் படிக்கவில்லை என்று ஒரு பிள்ளை தேற்றிக்கொள்ளும். குணத்தில் குறைந்தாய் என்று அரசாங்க முத்திரையோடு சொன்னால் அது எதைச் சொல்லித் தேற்றிக்கொள்ளும்? மைக்கேல் யங் 1958இல் தகுதியாட்சி என்ற சொல்லை ஓர் எச்சரிக்கையாகத்தான் பரப்பினார். வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு முழுக்கத் தாங்களே காரணம் என்று நம்பும் சமூகத்தில் தோற்றவர்களுக்கு முகம் இருக்காது என்பது அவர் பயம்.

கருணையான மருத்துவர்கள் வேண்டுமென்றால் அதைத் தேடிப் பொறுக்குவதைவிடக் கற்றுக்கொடுப்பதில் கவனம் வைக்கலாம். ஐந்து ஆண்டுப் படிப்பு, இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவம் என்று ஏழு வருடம் இருக்கிறது. நாற்காலியை இழுத்து உட்கார்வதை அங்கே பழக்கலாம். அரிஸ்டாட்டில் சொன்ன பழக்கம் பதினெட்டு வயதோடு முடிந்துவிடுவதில்லை.

இதெல்லாம் கொள்கை. மாறும்போது மாறட்டும். பதிவேடு இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது, பத்துப் புள்ளியும் பத்துப் புள்ளியாகவேதான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு சின்ன மாற்றம் கேட்டிருக்கிறேன். புதன்கிழமைக் கூட்டங்களில் ஒன்றையாவது பள்ளி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், இரண்டு மணிப் பேருந்துக்கு முன்னால். நிர்வாகம் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறது. கால அட்டவணையில் ஒரு வரியை நகர்த்துவதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை. ஆனால் அந்த வரி நகர்ந்தால், தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளைகளின் கட்டங்களில் சில நிறையும். மீதி கட்டங்கள் காலியாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமையும் அதை நிரப்புகிற எனக்குத்தான் இருக்கிறது.